மலாய்த் தலைவரிடம் கோரிக்கை கொண்டுபோவது எப்படி?

மலேசியாவில் கோயில் நிலமோ தாமான் (குடியிருப்பு) வடிகாலோ, சட்டமன்ற உறுப்பினரிடம் போகுமுன் 'ஆயிப்' என்ற சொல்லைப் புரிந்துகொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் மானம் போவது அது. பழைய மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயுவில், குடிகளின் சார்பில் டெமாங் லேபார் டாவுன் என்ற தலைவர், அரசர் சாங் சபூர்பாவிடம் கேட்ட வாக்குறுதியே இதுதான்: குடிமகன் பெருங்குற்றம் செய்தால் தண்டியுங்கள், இழிசொல்லால் அவமானப்படுத்தாதீர்கள். பதிலுக்குக் குடிகள் 'டெர்ஹாக்கா', அதாவது துரோகம், செய்ய மாட்டார்கள். மானம் இருபக்கமும் காக்கப்பட வேண்டும் என்பதே ஒப்பந்தம். முகநூலில் திட்டிவிட்டு மறுநாள் மனு கொடுக்கப் போகிறவர்கள் தோற்பது இங்கேதான்.

சேவை மையத்தில் நேரம் வாங்கிக்கொண்டு போங்கள். வெள்ளி நண்பகல் தொழுகை நேரம் வேண்டாம். மூன்று பேர் போதும், ஒருவர் பேசட்டும். கூட்டமாகப் போனால் அது மிரட்டலாகத் தெரியும். கைகொடுத்ததும் வலக்கையை நெஞ்சில் வையுங்கள். எதிரில் பெண் தலைவர் என்றால் அவர் கை நீட்டினால் மட்டும் கொடுங்கள். எதையாவது காட்ட வேண்டுமானால் ஆள்காட்டி விரல் கூடாது, வலக்கைக் கட்டைவிரல். தண்ணீர் வந்தால் ஒரு வாயாவது குடியுங்கள்.

நலம் விசாரித்த பிறகே விஷயம். 'மிந்தா மாஆஃப், காலாவ் போலே' (மன்னிக்கணும், முடிந்தால்) என்று தொடங்கினால் மறுப்பவருக்கும் முகம் கெடாமல் மறுக்க வழி இருக்கும். பேச்சு மறைமுகமாக இருக்கலாம். கடிதம் அப்படி இருக்கக் கூடாது. ஒரே பக்கம், மலாயில். தலைப்புக்குக் கீழே முதல் பத்திக்கு எண் கிடையாது, அடுத்தது 2 என்று தொடங்கும். லாட் (மனை) எண், தேதி, ரிங்கிட் தொகை மூன்றும் அதில் இருக்கட்டும். தலைவரின் பட்டத்தைச் சரிபாருங்கள்: டத்தோவும் டத்தோஸ்ரீயும் ஒன்றல்ல, மாநில முதல்வரான மந்திரி புசாருக்கு 'யாங் அமாட் பெர்ஹோர்மாட்' என்ற மரியாதை அடைமொழி.

பதிலைக் கேட்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 'நந்தி சாயா தெங்ஙோக்' என்றால் பார்க்கிறேன் என்று மட்டுமே பொருள். 'இன்ஷா அல்லாஹ்' மனமார்ந்த வாக்காகவும் இருக்கலாம், மென்மையான மறுப்பாகவும் இருக்கலாம். "உறுதியா?" என்று மடக்காதீர்கள். "எந்த அதிகாரியிடம் தொடர்ந்து பேசலாம்?" என்று கேளுங்கள். பெயர் கிடைத்தால் காரியம் நகர்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு வாரத்தில் அசைவில்லை என்றால், அவர் மதிக்கும் ஒருவரை நடுவராக அனுப்புங்கள்: பள்ளிவாசல் குழுத் தலைவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் போல. அதற்கும் பலனில்லை என்றால் பகிரங்கமாகப் பேசத் தயங்க வேண்டாம். 'ராஜா அடில் ராஜா டிசெம்பா, ராஜா ஸாலிம் ராஜா டிசாங்கா' என்பதும் மலாய் மரபுதான்: நீதியான அரசனை வணங்கு, கொடுங்கோலனை எதிர்த்து நில். அந்த நாளுக்கு உதவப்போவது கடித நகலில் 'தெரிமா' (பெற்றுக்கொண்டோம்) முத்திரையும் தேதியும். முதல் நாளே வாங்கி வைத்துவிடுங்கள்.