ஈரக் கையோடு டார்ச் போடுவது எப்படி

விடியுமுன் போடியில் ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டிப் பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போகிறவள் நான். பச்சைக்காய் எடை போட்டுக் கணக்கு எழுதுவது என் வேலை. ஆடி, ஆவணி மழையில் கை காயவே காயாது. திரையில் தண்ணீர் நின்றால் விரல் எது, துளி எது என்று போனுக்குப் பிடிபடாது. யானை நடமாடும் தடத்தில் இருட்டோடு நடக்கும்போது டார்ச்சுக்காகத் திரையைத் துடைத்துக்கொண்டு நிற்க முடியுமா? அதனால் போனை அசைத்தே வேலை வாங்கப் பழகினேன்.

போனுக்குள் முடுக்கமானி என்று ஒரு உணரி இருக்கிறது. கையின் வேகம் எப்படி மாறியது, எங்கே சட்டென்று நின்றது என்பது அதற்குத் தெரியும்.

மோட்டோரோலா போன்களில் ஜெஸ்சர்ஸ் பகுதியில் 'ஃபாஸ்ட் டார்ச்' இருக்கும். அதை இயக்கிவிட்டு, கவாத்துக் கத்தி பிடிப்பதுபோல் போனை இறுகப் பிடித்து இரண்டு வெட்டு வெட்டுங்கள், டார்ச் எரியும். பெரிய வீச்சு வேண்டாம், வெட்டி நிறுத்துவதுதான் முக்கியம். அணைக்கவும் அதே இரண்டு வெட்டுதான். மணிக்கட்டை இரண்டு தடவை திருகினால் கேமரா திறக்கும். தராசு முள்ளைப் படம் பிடிக்க எனக்கு இது தினமும் உதவுகிறது.

ஐபோன் 8 முதல், ஐஓஎஸ் 14 இயங்குதளம் அல்லது அதற்குப் பிந்தையது இருந்தால் 'பேக் டேப்', அதாவது போனின் முதுகைத் தட்டி வேலை வாங்கும் வசதி உண்டு. செட்டிங்ஸ், ஆக்சஸிபிலிட்டி, டச், பேக் டேப் என்று போய், முதுகில் இரண்டு தட்டுக்கு டார்ச்சைத் தேர்ந்தெடுங்கள். தட்டும்போது திரை விழித்திருக்க வேண்டும். சாம்சங்கில் 'மோஷன்ஸ் அண்ட் ஜெஸ்சர்ஸ்' பகுதிக்குப் போனால், போனைக் கவிழ்த்து வைத்து மணியடிப்பதை நிறுத்தும் வசதி கிடைக்கும்.

இவை எதுவும் இல்லாத ஆண்ட்ராய்டு போனுக்கு, குலுக்கினால் டார்ச் எரியும் செயலிகள் இருக்கின்றன. இங்கேதான் கவனம் வேண்டும். நான் முதலில் உணர்திறனை மிக அதிகமாக வைத்துவிட்டேன். மலைப்பாதைக் கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப் குலுங்கக் குலுங்க, பைக்குள் டார்ச் எரிந்துகொண்டே வந்திருக்கிறது. மதியத்துக்குள் சார்ஜ் தீர்ந்து, அன்றைய எடைக் கணக்கை அனுப்ப முடியாமல் போனது. அதனால் உணர்திறனைக் குறைத்து வையுங்கள். திரை எரியும்போது மட்டும் வேலை செய்யும்படி அமைக்க முடிந்தால் அதையும் செய்துவிடுங்கள். குலுக்கியும் எரியவில்லை என்றால் பேட்டரி அமைப்பைப் பாருங்கள். மின்சாரத்தைச் சேமிக்க போன் அந்தச் செயலியைத் தூங்க வைத்திருக்கலாம். அதற்கு மட்டும் கட்டுப்பாட்டை நீக்கிவிடுங்கள்.

ஒரே நாளில் எல்லாச் சைகையையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். என்னோடு எடை போடும் மதினிக்கு டார்ச் மட்டும் சொல்லிக்கொடுத்தேன். போனில் மணிக்கட்டுக் கயிறு மாட்டி, வீட்டில் தலையணைக்கு மேல் கையை நீட்டி ஒரு வாரம் பழகினார். இப்போது தடத்தில் அவர்தான் முன்னால் நடக்கிறார்.