மாம்பழத்துக்கு ஒரு கணக்கு, சீத்தாவுக்கு வேறு கணக்கு: வீட்டு மில்க் ஷேக்கில் நடக்கும் தவறுகள்

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் பழத்துக்குப் பஞ்சம் கிடையாது. கோடை தொடங்கினால் மாம்பழம், மழைக்காலம் வந்தால் மலைச் சீத்தா, வருஷம் முழுக்க வாழை, பப்பாளி, சப்போட்டா, கொய்யா. இவ்வளவும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், வீட்டில் போடும் மில்க் ஷேக் சில நாள் தண்ணியாக வருகிறது, சில நாள் கசக்கிறது, சில நாள் திரிந்தே போகிறது. கடையில் போடுகிற ஐஸ்கிரீமும் பெரிய மிக்ஸியும் நம்மிடம் இல்லை, அதனால்தான் வரவில்லை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை தவறு வேறு இடத்தில் இருக்கிறது. பழத்தை நறுக்கிப் போடு, பாலை ஊற்று, சர்க்கரை, ஐஸ், ஒரு சுற்று. எல்லாப் பழத்துக்கும் இந்த ஒரே முறைதான். வாழைப்பழம் இதைத் தாங்கும். அன்னாசியும் பப்பாளியும் சீத்தாவும் தாங்காது.

மாம்பழத்திலிருந்து தொடங்கலாம்

இங்கே அதிகம் விளைவது பெங்களூரா. கிளிமூக்கு மாதிரி நுனி வளைந்த பழம். லாரி லாரியாக மாம்பழக்கூழ் தொழிற்சாலைகளுக்குப் போவதும் அதுதான். சதைப்பற்று அதிகம், விலையும் குறைவு என்பதால் வீட்டிலும் ஜூஸுக்கு அதையே எடுக்கிறோம். ஆனால் பெங்களூராவுக்கு மணம் குறைவு, புளிப்பு கொஞ்சம் தூக்கல். தொழிற்சாலையில் சர்க்கரையும் மணமும் சேர்த்துச் சரிக்கட்டி விடுவார்கள். வீட்டில் அதை மட்டும் போட்டுப் பாலில் அடித்தால் சப்பென்று இருக்கும். ஒரு பெங்களூராவுக்கு ஒரு செந்தூரா என்று கலந்து போடுங்கள், வித்தியாசம் தெரியும். அல்போன்சா கிடைத்தால் இன்னும் நல்லது, நாரே இருக்காது, அடித்ததும் வெண்ணெய் போலக் குழையும். இமாம்பசந்தை மட்டும் தயவுசெய்து மிக்ஸியில் போடாதீர்கள். அது அப்படியே நறுக்கிச் சாப்பிட வேண்டிய பழம்.

அடுத்த தவறு காம்புப் பக்கம் நடக்கிறது. மாங்காயைப் பறிக்கும்போது காம்பிலிருந்து ஒரு பால் வடியும், தோலில் பட்டால் அரிக்கும். அது பழத்தின் மேல் காய்ந்து ஒட்டியிருக்கும். சும்மா ஒரு அலசு அலசி நறுக்கினால் அது கத்தி வழியாகச் சதைக்கு வந்துவிடும், குடித்தபின் தொண்டை கரகரக்கும். பழத்தை அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு வைத்து, நன்றாகத் தேய்த்துக் கழுவி, காம்புப் பக்கம் ஒரு விரல் கனத்துக்கு வெட்டி எறிந்துவிட்டு மற்றதை நறுக்க வேண்டும். தோலில் ஒட்டிய சதையையும் விடக்கூடாது என்று கரண்டியால் சுரண்டுவோம். அங்கேதான் துவர்ப்பு இருக்கிறது. கொஞ்சம் போனால் போகட்டும்.

மேலே தகதகவென்று மஞ்சளாக இருந்து உள்ளே புளிக்கும் பழத்தையும் பாலோடு சேர்க்காதீர்கள். முதிராமல் பறித்து கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்தவை இப்படித்தான் இருக்கும். கார்பைடு வைப்பது உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தடை செய்யப்பட்டது என்றாலும் சந்தைக்கு வரத்தான் செய்கிறது. காம்புப் பக்கம் முகர்ந்து பாருங்கள். மணம் இல்லாத மஞ்சள் பழம் வேண்டாம்.

அளவு என்ன என்று கேட்பீர்கள். ஒரு கப் மாம்பழத் துண்டுக்கு முக்கால் கப் பால், அதிகம் போனால் ஒரு கப். நாம் வழக்கமாகச் செய்வது ஒரு பழத்துக்கு அரை லிட்டர் பால். வீட்டில் ஐந்து பேர் இருக்கிறார்கள், எல்லாருக்கும் டம்ளர் நிறைய வேண்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் அப்படி வருவது மாம்பழ வாசனை அடிக்கும் பால். முழு டம்ளர் தண்ணியாகக் கொடுப்பதைவிட அரை டம்ளர் கெட்டியாகக் கொடுக்கலாம்.

முதலில் பழத்தையும் சர்க்கரையையும் மட்டும் பால் விடாமல் மையாக அடிக்க வேண்டும். சர்க்கரை அப்போதே கரைந்துவிடும். குளிர்ந்த பாலில் நேராகப் போட்டால் கரையாமல் அடியில் மணலாக நிற்கும். அப்புறம் பாலை விட்டு பதினைந்து, இருபது விநாடி. அவ்வளவு போதும்.

பால் ஏன் திரிகிறது

பழக்கலவையில் வரும் பெரிய ஏமாற்றம் இதுதான். ஊற்றும்போது நன்றாக இருக்கும். ஐந்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் டம்ளரின் உள்பக்கச் சுவரில் பொடிப்பொடியாக வெள்ளைத் துணுக்குகள் ஒட்டியிருக்கும். அடியில் மங்கலான தண்ணீர் பிரிந்து நிற்கும், மேலே பஞ்சு மாதிரி ஒரு அடுக்கு மிதக்கும். பால் கெட்டுவிட்டது என்று பால்காரர் மேல் பழி போடுவோம். பால் கெடவில்லை.

பாலில் கேசின் என்ற புரதம் இருக்கிறது. பாலின் அமில அளவு, அதாவது பிஎச், சுமார் 6.7. இந்த எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். அது 4.6 வரை இறங்கினால் கேசின் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிடும். எலுமிச்சை பிழிந்து பனீர் எடுப்பது இந்த வேலைதான். ஆரஞ்சு, சாத்துக்குடி, அன்னாசி, புளிப்புத் திராட்சை, ஸ்ட்ராபெர்ரி எல்லாம் அந்த 4.6-க்குக் கீழே இருப்பவை. பால் வெதுவெதுப்பாக இருந்தால் இன்னும் சீக்கிரம் திரியும். காய்ச்சிய பால் கைச்சூடு ஆறியதும் போதும் என்று ஊற்றுவது அதனால்தான் தவறு. ஃப்ரிட்ஜில் வைத்து நன்றாகக் குளிர்ந்த பாலைத்தான் எடுக்க வேண்டும்.

புளிப்புப் பழத்துக்கு வழி என்ன? பாலை விட்டுவிட்டுத் தயிருக்குப் போங்கள். தயிர் ஏற்கெனவே உறைந்தது, அதைப் புதிதாகத் திரிய வைக்க முடியாது. புளிக்காத கட்டித் தயிரை வெள்ளைத் துணியில் கட்டி ஒரு மணி நேரம் தொங்க விட்டால் தண்ணீர் இறங்கிவிடும். மிச்சமிருப்பதைப் பழத்தோடு அடித்தால் ஐஸ்கிரீம் போட்டது போன்ற கெட்டி கிடைக்கும். சீசன் கடைசியில் வரும் நீலம் மாம்பழம் கொஞ்சம் புளித்தால் அதற்கும் இதே வழிதான்.

அன்னாசியில் இன்னொரு சிக்கல் உண்டு. வேகவைக்காத அன்னாசியில் புரோமெலின் என்ற நொதி இருக்கிறது, பால் புரதத்தை வெட்டித் துண்டாக்கும். துண்டான புரதம் கசக்கும். தயிரில் போட்டாலும் நேரம் ஆக ஆகக் கசக்கும். பப்பாளியிலும் பப்பெயின் என்ற நொதி இதே வேலையைச் செய்கிறது, காய்வெட்டாக இருந்தால் இன்னும் அதிகம். காலையில் பப்பாளி ஷேக் போட்டு, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்கு என்று ஃப்ரிட்ஜில் வைத்தால், சாயங்காலம் அது வாயில் வைக்க முடியாமல் கசப்பதற்கு இதுதான் காரணம். நன்றாகப் பழுத்த பப்பாளியாக எடுங்கள், போட்ட உடனே குடித்துவிடுங்கள். அன்னாசியை வைத்திருந்து குடிக்க வேண்டுமானால் துண்டுகளைச் சர்க்கரையோடு சில நிமிஷம் கொதிக்க விட்டு ஆற வையுங்கள். சூட்டில் நொதி செயலிழந்துவிடும். கசப்பு வராது.

சீத்தாவை அவசரப்படுத்தக் கூடாது

ஆகஸ்ட் தாண்டினால் நம் பக்கத்து மலைகளில் சீத்தா பழுக்கத் தொடங்கும். சாலையோரம் கூடையில் வைத்து விற்பார்கள். இந்தப் பழத்தை விடக் கெட்டியான, வாசமான மில்க் ஷேக் கொடுக்கும் பழம் வேறு இல்லை என்பது என் கட்சி. அதனாலேயே இதைக் கெடுப்பதைப் பார்த்தால் மனசு தாங்குவதில்லை.

கொட்டை எடுக்கப் பொறுமை இல்லாமல், மிக்ஸியில் போட்டு ஒரு சுற்று விட்டால் சதை கழன்றுவிடும், பிறகு வடிகட்டிக்கொள்ளலாம் என்று செய்கிறார்கள். ஒரு கொட்டை பிளேடில் பட்டு உடைந்தாலும் மொத்தமும் வீண். சீத்தாக் கொட்டைக்குள் இருப்பது நஞ்சு. அந்தக் காலத்தில் பேன் போக அரைத்துத் தலையில் தடவியது இந்தக் கொட்டையைத்தான், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அதை வயிற்றுக்குள் அனுப்பக் கூடாது.

பழத்தைப் பிளந்து, சதையைக் கரண்டியால் வழித்து ஒரு பெரிய சல்லடையில் போடுங்கள். கால் கப் குளிர்ந்த பாலைத் தெளித்து, கை விரலாலோ கரண்டியின் முதுகாலோ மெல்ல அழுத்தித் தேய்த்தால் சதை கீழே இறங்கும், கொட்டை வழவழவென்று மேலே நிற்கும். பத்து நிமிஷ வேலை. தோலை ஒட்டி மணல் மணலாக நெருடும் பகுதியை வழிக்காமல் விட்டுவிடுங்கள், அதை எவ்வளவு அடித்தாலும் மையாகாது. இறங்கிய சதையை மிக்ஸியில் போடக்கூட வேண்டாம், மத்தால் கடைந்தாலே போதும். சூடான பாலிலும் சேர்க்காதீர்கள். சீத்தாச் சதை சூடு பட்டால் கசக்கும்.

மாதுளைக்கும் கொய்யாவுக்கும் விதைச் சங்கதி உண்டு, ஆனால் ஆபத்து இல்லை. மாதுளை முத்துகளை மிக்ஸியில் போட்டு, நிறுத்தி நிறுத்தி இரண்டு தடவை மட்டும் சுற்றி வடிகட்டுங்கள். விதை அரைபட்டால் துவர்க்கும்.

ஐஸ், பால், ஜார்

கெட்டியாக வர வேண்டும் என்று ஐஸ் போடுகிறோம். அடிக்கும்போது கெட்டியாகத்தான் தெரியும். கொஞ்ச நேரத்தில் அந்த ஐஸ் முழுவதும் தண்ணீர். அதற்குப் பதில் பழத்தையே நறுக்கி ஃப்ரீசரில் வையுங்கள். உறைந்த வாழைப்பழத் துண்டும் கொஞ்சம் பாலும் அடித்தால் ஸ்பூனில் எடுத்துச் சாப்பிடும் பதத்துக்கு வரும். தோலோடு உறைய வைத்தால் பிறகு உரிக்க வராது, உரித்துத்தான் வைக்க வேண்டும். இல்லையென்றால் காய்ச்சி ஆறிய பாலையே ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வையுங்கள், கரைந்தாலும் பால்தான். ஐஸ்தான் வேண்டும் என்றால் குடிக்கிற தண்ணீரையே உறைய வையுங்கள். நம் இரண்டு மாவட்டத்திலும் பல ஊர்களில் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். கொதிக்க வைத்தாலும், உறைய வைத்து ஐஸ் ஆக்கினாலும் அது போகாது.

பால் பாக்கெட்டில் கொழுப்புச் சதவீதம் அச்சிட்டிருப்பார்கள். டோன்டு பால் 3, ஸ்டாண்டர்டைஸ்டு 4.5, ஃபுல் கிரீம் 6. மாம்பழம், சப்போட்டா, சீத்தா போன்ற சதைப்பற்றுள்ள பழத்துக்கு 3 சதவீதமே போதும், கெட்டி பழத்திலிருந்து வந்துவிடும். ஆப்பிள் மாதிரிப் பழத்துக்குத்தான் கொழுப்புப் பால் தேவை. பக்கத்து வீட்டு மாட்டில் கறந்த பால் என்றால் எவ்வளவு சுத்தமாகக் கறந்திருந்தாலும் காய்ச்சாமல் ஷேக்கில் ஊற்றாதீர்கள். காசநோய், புருசெல்லா போன்ற கிருமிகள் பச்சைப் பாலில் வரும். காய்ச்சிய பாலில் படியும் ஆடையைத் தூக்கி எறிய வேண்டாம், பழத்தோடு முதல் சுற்றிலேயே போட்டுவிடுங்கள், வழவழப்பு கூடும். பால் ஊற்றியபின் ரொம்ப நேரம் ஓட்டினால் மட்டும் வெண்ணெய் திரண்டு மேலே துகள் துகளாக நிற்கும். லஸ்ஸியில் இது அடிக்கடி நடக்கும்.

காலையில் வெங்காயச் சட்னி அரைத்த ஜாரில் மாலையில் ஷேக் அடிக்கக் கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஜாரைக் கழுவுவோம், மூடியில் இருக்கும் ரப்பர் வாஷரைக் கழட்ட மாட்டோம். பூண்டு வாசனை ஒளிந்திருப்பது அங்கேதான். பால் எந்த வாசனையையும் உடனே பிடித்துக்கொள்ளும். வாஷரைக் கழற்றித் தேயுங்கள். முடிந்தால் பழத்துக்கென்று ஒரு ஜார் ஒதுக்கிவிடுங்கள்.

ராகி போட விரும்புகிறவர்களுக்கு

களியும் கூழும் பழகிய ஊர் நம்முடையது. பிள்ளைகள் களி வேண்டாம் என்று ஓடினால் வாழைப்பழ ஷேக்கில் இரண்டு ஸ்பூன் ராகி மாவைப் போட்டுவிடுகிறார்கள். எண்ணம் மிக நல்லது, ஆனால் பச்சை மாவு வேண்டாம். நறநறக்கும், பச்சை வாடை அடிக்கும், செரிக்கவும் கஷ்டம். ஒரு ஸ்பூன் மாவை முக்கால் கப் தண்ணீரில் கரைத்து, கட்டி தட்டாமல் கிளறிக் காய்ச்சி, பளபளப்பு வந்ததும் இறக்கி, முழுசாக ஆற வையுங்கள். ஆறும்போது தானாகவே இறுகும். அதில் மூன்று ஸ்பூன், நன்றாகக் கனிந்த ஒரு வாழைப்பழம், அரை டம்ளர் குளிர்ந்த பால், கொஞ்சம் நாட்டுச் சர்க்கரை. ஐஸ்கிரீம் கேட்காத அளவுக்குக் கெட்டியாக இருக்கும். பூவனைவிட ஏலக்கி வாழை இதற்குப் பொருந்தும், பூவனில் லேசான புளிப்பு உண்டு. முளைகட்டிய ராகி மாவு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: முளைக்கும்போது உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைத்துவிடுவதால் அந்தக் கஞ்சி இளகலாகவே நிற்கும். அதைச் சேர்த்தால் பாலைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.