புதிய வடிவத் தங்க நாணயங்கள்: வெளியீட்டை முன்கூட்டியே அறிந்து வாங்குவது எப்படி

நகைக்கடையில் நாம் சொல்லும் பவுன், சவரன் ஆகிய இரண்டு சொற்களும் ஒரு பிரிட்டிஷ் நாணயத்தின் வழியாக நம்மிடம் வந்தவை. 7.988 கிராம் எடையும் 22 காரட் மாற்றும் கொண்ட அந்தச் சவரனின் மறுபக்கத்தில், டிராகனை வதைக்கும் செயின்ட் ஜார்ஜின் உருவம் இருக்கும். பெனடெட்டோ பிஸ்ட்ரூச்சி 1817ஆம் ஆண்டு நாணயத்துக்காக வடித்த அந்த உருவம் இன்றும் தொடர்கிறது. ஆனால் வேறு சில ஆண்டுகளைப் போலவே 2002, 2012, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அந்த இடத்தில் வேறு வடிவங்கள் வந்தன. இந்த மூன்றும் எலிசபெத் அரசி முடியேற்று ஐம்பது, அறுபது, எழுபது ஆண்டுகள் நிறைந்த ஆண்டுகள் என்பதைக் கவனித்தவர்கள், மூன்றாவது மாற்றத்தைப் பல ஆண்டுகளுக்கு முன்பே எதிர்பார்த்திருக்க முடியும். முதலீட்டுத் தங்க நாணயங்களின் வடிவம் காரணமின்றி மாறுவது அரிது. அந்தக் காரணங்களைத் தெரிந்துகொண்டால், விற்பனையாளர் கிளப்பும் பரபரப்புக்கு ஆளாகாமல் அமைதியாகக் காத்திருந்து வாங்கலாம்.

முதலில், எந்த நாணயத்துக்காகக் காத்திருப்பதில் பொருள் உண்டு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். 1967இல் வெளிவந்த தென்னாப்பிரிக்காவின் க்ரூகர்ராண்டில் அன்றிருந்த ஸ்பிரிங்பாக் மானே இன்றும் இருக்கிறது. 1989இல் தொடங்கிய ஆஸ்திரியாவின் ஃபில்ஹார்மோனிக் நாணயத்தில், 2000 ஷில்லிங் என்றிருந்த முகமதிப்பு யூரோ வந்ததும் 100 யூரோவாக மாறியதே தவிர, இசையரங்கின் ஆர்கனும் வாத்தியங்களும் அப்படியேதான் உள்ளன. இவ்விரண்டில் எதை வாங்குவதானாலும், தங்கத்தின் விலை ஒத்துவரும் நாளில் வாங்கிவிடலாம்.

1982இல் தொடங்கிய சீனாவின் பாண்டா இதற்கு நேர் எதிரானது. ஆண்டுதோறும் புதிய படம் வருவதே அதன் அடையாளம். 2001ஆம் ஆண்டின் படத்தையே நிலையாக வைத்துக்கொள்ள முடிவு செய்து 2002இலும் அதையே அச்சிட்டபோது, சேகரிப்பாளர்களிடையே எழுந்த அதிருப்தியால் 2003இல் பழைய வழக்கத்துக்கே திரும்ப வேண்டியதாயிற்று. ஆஸ்திரேலியாவின் பெர்த் நாணயச்சாலை கங்காரு படத்தை ஆண்டுதோறும் மாற்றுகிறது. அதன் சீன ராசி விலங்கு வரிசையோ பன்னிரண்டு ஆண்டுகள் ஓடும். இப்போது நடப்பது 2020இல் எலியுடன் தொடங்கிய மூன்றாவது வரிசை என்பதால், 2031 வரை எந்த ஆண்டில் எந்த விலங்கு வரும் என்பது நாட்காட்டி பார்த்தாலே தெரியும். அது எப்படி வரையப்பட்டிருக்கும் என்பது மட்டுமே மீதமுள்ள கேள்வி. பிரிட்டனின் ‘அரசியின் விலங்குகள்’ வரிசையும் 2016 முதல் 2021 வரை பத்து விலங்குகள் என்ற அறிவிக்கப்பட்ட எண்ணிக்கையோடு நடந்து முடிந்தது.

கூடுதல் கவனம் கேட்பவை, எப்போதாவது ஒருமுறை நிகழும் மாற்றங்கள். ஆட்சியாளர் மாறுவது அவற்றில் முதன்மையானது. 2022 செப்டம்பரில் எலிசபெத் அரசி மறைந்த பின், பிரிட்டனின் பிரிட்டானியா நாணயம் 2023 என்ற ஒரே ஆண்டெண்ணுடன், அரசியின் தலையோடு ஒன்றும் மூன்றாம் சார்லஸின் தலையோடு ஒன்றுமாக இரு வடிவங்களில் வெளிவந்தது. கனடாவின் மேப்பிள் லீஃப் நாணயத்தில் 2023இல் அரசியின் உருவத்தோடு 1952, 2022 என்ற ஆண்டுகள் பொறிக்கப்பட்டன. சார்லஸின் உருவம் 2024இல்தான் ஏறியது. அமெரிக்கன் ஈகிள் நாணயத்தில் வேறு வகையான மாற்றம் நடந்தது. 1986 முதல் மறுபக்கத்தில் இருந்த கழுகுக் குடும்பத்தின் இடத்தில், 2021ஆம் ஆண்டின் நடுவில், ஜென்னி நோரிஸ் வடிவமைத்த கழுகுத் தலை அமர்ந்தது; கூடவே, போலிகளைத் தடுப்பதற்காக விளிம்பு வரிகளில் ஒன்று வேண்டுமென்றே விடப்பட்டது. 2021 ஈகிள் என்று மட்டும் சொல்லி வாங்கினால் எந்த வடிவம் கைக்கு வரும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே மாற்றம் நிகழும் ஆண்டுகளில் வடிவத்தையும் குறிப்பிட்டே விலைப்பட்டியல் கேட்க வேண்டும்.

இத்தகைய செய்திகள் கடைக்கு வருமுன் அரசு ஆவணங்களில் வந்துவிடுகின்றன என்பதுதான் பலரும் கவனிக்காத விஷயம். பிரிட்டனில் புதிய நாணயங்களின் எடை, மாற்று, வடிவ விவரம் ஆகியவை அரச பிரகடனமாக லண்டன் கெஸட் என்ற அரசிதழில் வெளியிடப்படுகின்றன. அமெரிக்காவில் குடிமக்கள் நாணய ஆலோசனைக் குழுவும் நுண்கலை ஆணையமும் வடிவ வரைவுகளை வெளிப்படையாகப் பரிசீலிப்பதால், தேர்வாகாத வரைவுகளைக்கூடப் பார்க்க முடிகிறது. எனக்கு அவை சில சமயம் தேர்வானதைவிட அழகாகத் தோன்றியதுண்டு. வெளியீட்டுக் காலத்தைப் பொறுத்தவரை, நாணயத்தில் உள்ள ஆண்டெண்ணை நம்பிக் காத்திருக்கக் கூடாது. பெர்த்தின் ராசி நாணயம் முந்தைய ஆண்டின் செப்டம்பரை ஒட்டியும், பாண்டா அக்டோபர் இறுதியை ஒட்டியும் வந்துவிடுவது வழக்கமாக உள்ளது. அமெரிக்க நாணயச்சாலை முதலீட்டு நாணயங்களைப் பொதுமக்களுக்கு நேரடியாக விற்பதில்லை. அனுமதி பெற்ற மொத்த வாங்குநர்கள் வழியாகவே அவை வருவதால், அறிவிப்பு நாளுக்கும் கடைக்கு வரும் நாளுக்கும் இடைவெளி இருக்கும்.

அடுத்தது விலை. நகைக்குச் செய்கூலி போல, நாணயத்துக்குத் தங்க விலைக்கு மேல் பிரீமியம் உண்டு. புதிய வடிவம் வந்த முதல் வாரங்களில் உயர்வது பெரும்பாலும் இந்தப் பகுதிதான். கணக்கு எளிது: உள்ளிருக்கும் தூய தங்கத்தின் அன்றைய மதிப்பு 4,00,000 ரூபாய் என்றும், கேட்கும் விலை 4,16,000 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால் பிரீமியம் 4 விழுக்காடு. அதே கடையில் சென்ற ஆண்டு வடிவத்தின் பிரீமியத்தையும் இப்படியே கணக்கிட்டு அருகருகே வைத்துப் பாருங்கள். அந்த வித்தியாசமே படத்துக்காக நீங்கள் தரும் பணம். பிரிட்டானியா, ஈகிள் போன்றவை தேவைக்கேற்ப வரம்பின்றி அச்சிடப்படுபவை என்பதால் இரண்டு மூன்று மாதம் பொறுத்தால் போதும். பெர்த்தின் ஒரு அவுன்ஸ் ராசி நாணயத்துக்கு 30,000 நாணயங்கள் என்ற உச்சவரம்பு உள்ளதால், அதை விரும்புவோர் மட்டும் தொடக்கத்திலேயே வாங்குவதில் நியாயம் இருக்கிறது.

கணக்கிடும்போது எடையில் ஏமாறக் கூடாது. ஈகிளும் க்ரூகர்ராண்டும் 22 காரட் என்றாலும் 33.93 கிராம் எடையுள்ளவை. ஆகவே அவற்றுள் முழுமையாக ஒரு டிராய் அவுன்ஸ், அதாவது 31.10 கிராம் தூய தங்கம் இருக்கிறது. பாண்டாவோ 2016 முதல் 30 கிராமாக மாறிவிட்டது. அதை ஒரு அவுன்ஸ் நாணயங்களோடு விலை ஒப்பிட்டு மலிவு என்று மகிழ்பவர், உண்மையில் சுமார் மூன்றரை விழுக்காடு குறைவான தங்கத்தையே வாங்குகிறார். பிரிட்டானியாவும் 2012 வரை 22 காரட், 2013 முதல் 999.9 மாற்று, அதாவது ஆயிரத்தில் 999.9 பங்கு தூய தங்கம்.

வடிவம் வெளியான உடனே, நாணயத்தின் நிலையை மதிப்பிட்டுத் தரம் குறிக்கும் தரநிர்ணய நிறுவனங்களின் பெட்டியில் ‘ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக்’, ‘எர்லி ரிலீஸஸ்’ என்ற சீட்டுகளோடு அதே நாணயம் அதிக விலைக்கு வரும். வெளியீட்டுக்குப் பின் ஏறத்தாழ முப்பது நாட்களுக்குள் அந்த நிறுவனத்தை வந்தடைந்தது என்பதற்கு மேல் அந்தச் சீட்டுக்குப் பொருளில்லை. அச்சில் முதலில் விழுந்த நாணயம் என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. தங்கத்துக்காக வாங்குபவர் இதற்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தர வேண்டியதில்லை என்பது என் கருத்து. முன்பதிவு செய்வதானால், விலை பதிவு நாளில் உறுதியாகிறதா, ஒப்படைக்கும் நாளின் தங்க விலைப்படி மாறுமா, தாமதமானால் பணம் திரும்புமா என்பவற்றை எழுத்தில் பெற்ற பிறகே பணம் கட்ட வேண்டும்.

நாணயம் கைக்கு வந்ததும், உறையிலிருந்து எடுக்காமலேயே நாணயச்சாலை வெளியிட்ட படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். புதிய வடிவத்தின் நுணுக்கங்கள் இன்னும் பலர் மனத்தில் பதியாத காலமே போலிகளுக்கு வசதியான காலம். 2021 முதல் வரும் பிரிட்டானியாவில், நாணயத்தைச் சாய்க்கும்போது பூட்டாகவும் திரிசூலமாகவும் மாறித் தெரியும் சிறு உருவமும், பின்னணியில் அலைகள் அசைவது போன்ற தோற்றமும், ஓரத்தில் நுண்ணெழுத்தும் இருக்க வேண்டும். மாற்றத்துக்குப் பிந்தைய ஈகிளில், விளிம்பை மெல்லச் சுழற்றினால் அந்த ஒரு வரி இல்லாத இடம் கண்ணில் பட வேண்டும்.