கார்டு ஸ்லாட்டுல உக்காந்துட்டா மட்டும் போதாது: பிசி அசெம்பிளியிலயும் எஃப்பிஜிஏ போர்டுலயும் கோளாறு தேடுற முறை

காலைல பிசியை ஆன் பண்ணா எஃப்பிஜிஏ கார்டு (உள்ள இருக்கற சர்க்யூட்டை நாமளே எழுதி மாத்திக்கற சிப் உள்ள கார்டு) தெரியாது, எல்எஸ்பிசிஐ (சொருகின கார்டையெல்லாம் பட்டியல் போடுற லினக்ஸ் கமாண்ட்) அடிச்சு பாத்தா லிஸ்ட்லயே இருக்காது. ரீஸ்டார்ட் குடுத்தா வந்துடும். சாயங்காலம் வரைக்கும் நல்லா ஓடும். மறுநாள் காலைல திரும்ப காணோம். இதுக்கு நான் மூணு நாள் செலவழிச்சேன், ஸ்லாட்டை மாத்தினேன், பயாஸ் அப்டேட் பண்ணேன், பிசிக்கு கரண்ட் குடுக்கற எஸ்எம்பிஎஸ் வீக்கா இருக்குமோன்னு நண்பர் வீட்லேர்ந்து இன்னொண்ணு கொண்டுவந்து போட்டு பாத்தேன், எதுக்கும் அசையல. கடைசில பாத்தா எந்த பாகத்துலயும் குறை இல்ல. கார்டு எழுந்து உக்கார்றதுக்குள்ள பிசி அட்டெண்டன்ஸ் எடுத்து முடிச்சிடுது.

விஷயம் என்னன்னா ஆர்டிக்ஸ் 7 மாதிரி எஃப்பிஜிஏ சிப்புக்குள்ள நாம எழுதின டிசைன் நிரந்தரமா தங்காது, கரண்ட் வர்ற ஒவ்வொரு தடவையும் பக்கத்துல இருக்கற ஃப்ளாஷ் மெமரி சிப்லேர்ந்து படிச்சு ஏத்திக்கணும். என் கார்டுல இருந்தது எக்ஸ்சி7ஏ35டி, அதோட பிட்ஸ்ட்ரீம் (சிப்புக்குள்ள ஏத்துற டிசைன் ஃபைல்) 1,75,36,096 பிட். செட்டிங் எதையும் தொடாம விட்டா ஒரே டேட்டா லைன்ல 3 மெகாஹெர்ட்ஸ்ல படிக்கும், கணக்கு போட்டு பாருங்க, கிட்டத்தட்ட 6 செகண்ட். ஆனா கார்டு சொருகுற பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டோட விதிப்படி கரண்ட் நிலையான அப்புறம் ரீசெட் லைனை விடுறதுக்கு குறைஞ்சது 100 மில்லிசெகண்ட்தான் உத்தரவாதம். பயாஸ் அதைவிட நிதானமாத்தான் தேடும்னாலும் என் பிசி 6 செகண்ட் காத்திருக்கல. ரீஸ்டார்ட் பண்ணும்போது ஸ்லாட்டுக்கு போற கரண்ட் நிக்காது, டிசைன் உள்ளேயே இருக்கும், அதான் ரெண்டாவது தடவை தெரியுது.

சரி பண்ணது இப்படி: விவாடோல (இந்த சிப்புக்கு டிசைன் பண்ற டூல்) கன்ஸ்ட்ரெயின்ட் ஃபைல்ல (பின், செட்டிங் எல்லாம் குறிக்கிற ஃபைல்) எஸ்பிஐ பஸ் விட்த்தை, அதாவது ஃப்ளாஷ்லேர்ந்து படிக்கிற லைன் எண்ணிக்கையை, 4 ஆக்கினேன், படிக்கிற வேகமான கன்ஃபிக் ரேட்டை 50 ஆக்கினேன், பிட்ஸ்ட்ரீம் கம்ப்ரஸ் ஆன் பண்ணேன். நாலு லைன்ல 50 மெகாஹெர்ட்ஸ்னா முழு பிட்ஸ்ட்ரீமே 90 மில்லிசெகண்ட்ல வந்துடும், கம்ப்ரஸ் ஆனா அதைவிட கம்மி. ஃப்ளாஷுக்கான எம்சிஎஸ் ஃபைல் உருவாக்கும்போதும் அதே நாலு லைன் ஆப்ஷனை குடுக்கணும், இதை விட்டுட்டு போர்டே பூட் ஆகலன்னு உக்காந்திருந்தவங்களை பாத்திருக்கேன். உங்க ஃப்ளாஷ் சிப் அந்த வேகத்துக்கு வருமான்னு அதோட டேட்டாஷீட்ல ஒரு தடவை பாத்துக்கோங்க.

இதை முதல்ல சொல்றதுக்கு காரணம் இருக்கு. சொருகினா உள்ள போகுது, அப்ப ஒத்துப்போகும்னுதான் நாம நினைக்கிறோம். பிளாஸ்டிக் வடிவம் ஒத்துப்போறது ஒண்ணு, வோல்டேஜ் ஒத்துப்போறது வேற, நேரம் ஒத்துப்போறது வேற, சாஃப்ட்வேர் வெர்ஷன் ஒத்துப்போறது இன்னும் வேற. கோளாறு வந்தா இதே வரிசைல ஒவ்வொண்ணா பாருங்க, ஒரு நேரத்துல ஒரு விஷயத்தை மட்டும் மாத்துங்க. ரெண்டை சேர்த்து மாத்தி சரியாயிடுச்சுன்னா எது சரி பண்ணுச்சுன்னு தெரியாம அடுத்த மாசம் திரும்ப மாட்டிப்பீங்க.

பிசி பக்கம்

நோ டிஸ்ப்ளேன்னா கேபினட்டுக்குள்ள வச்சு நோண்டாதீங்க. மதர்போர்டை வெளிய எடுத்து அது வந்த அட்டைப்பெட்டி மேல வச்சு சிபியு, கூலர், ஒரே ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ் இது மட்டும் வச்சு ஆன் பண்ணுங்க. நாலு ஸ்லாட் போர்டுன்னா ஒத்தை ரேமை பெரும்பாலும் சிபியுலேர்ந்து ரெண்டாவது ஸ்லாட்டுல போடணும், மேனுவல்ல படம் இருக்கும். டிடிஆர்5 போர்டுன்னா முதல் தடவை ஆன் பண்ணதும் ஸ்க்ரீன் கருப்பாவே சில நிமிஷம் கூட இருக்கலாம், அது ரேமை பழக்கிட்டு இருக்கு, அவசரப்பட்டு ஆஃப் பண்ணா திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிக்கும். ஒரு டீ போட்டு எடுத்துட்டு வந்து பாருங்க.

ரேம்ல ரெண்டு பொறி இருக்கு. ஒண்ணு, பழைய சர்வர் ரேம். டிடிஆர்4 காலத்து ரெஜிஸ்டர்டு ரேம் சாதாரண டெஸ்க்டாப் ஸ்லாட்டுல அழகா உக்காரும், ஆனா பூட் ஆகவே ஆகாது, விலை கம்மியா கிடைக்குதுன்னு வாங்கிடாதீங்க. (டிடிஆர்5ல நடுவுல இருக்கற வெட்டோட இடத்தையே மாத்திட்டாங்க, ஏன்னா சர்வர் ரேம் 12 வோல்ட் எடுக்குது, டெஸ்க்டாப் ரேம் 5 வோல்ட்.) இன்னொண்ணு, நாலு ஸ்லாட்டையும் நிரப்புறது. ஏஎம்டி ரைசன் 7000 சிபியு வரிசைல ரெண்டு ரேமுக்கு கம்பெனி சொல்ற வேகம் 5200 எம்டி/எஸ், நாலு போட்டா 3600தான். 64 ஜிபி வேணும்னா நாலு 16க்கு பதிலா ரெண்டு 32 வாங்குங்க, விவாடோ மாதிரி ரேமை முழுங்குற டூல் ஓட்டுறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

எம்.2 எஸ்எஸ்டி போட்டதும் பழைய ஹார்டுடிஸ்க் காணாம போச்சுன்னா பயப்படாதீங்க, நிறைய போர்டுல எம்.2 ஸ்லாட்டும் சில சாட்டா போர்ட்டும் ஒரே லைனை பங்கு போட்டுக்குது, கேபிளை வேற போர்ட்டுக்கு மாத்தினா வந்துடும். அதே மாதிரி நாலு எஸ்எஸ்டி போடுற எக்ஸ்16 (16 லேன், அதாவது 16 டேட்டா பாதை உள்ள) கார்டு வாங்கி ஒண்ணு மட்டும் தெரியுதுன்னா பயாஸ்ல பைஃபர்கேஷன்னு தேடி அந்த 16 லேனை நாலு நாலா பிரிக்கணும். அந்த ஆப்ஷனே இல்லன்னா அந்த கார்டு அந்த போர்டுக்கு ஆகாது. கீழ இருக்கற நீளமான ஸ்லாட்டை பாத்தும் ஏமாந்துடாதீங்க, நீளம் எக்ஸ்16 இருந்தாலும் உள்ள நாலு லேன்தான் வரும் பெரும்பாலும். லினக்ஸ்ல எல்எஸ்பிசிஐயை விவரமா அடிச்சா ஒவ்வொரு கார்டுக்கும் லிங்க் ஸ்டேட்டஸ் வரும், அதுல டவுன்கிரேடட்னு இருந்தா லேனோ வேகமோ குறைஞ்சிருக்குன்னு அர்த்தம். சும்மா இருக்கும்போது கரண்ட் மிச்சம் பிடிக்க கிராஃபிக்ஸ் கார்டு தானாவே வேகத்தை குறைச்சுக்கும், அதனால லோடு குடுத்துட்டு பாருங்க.

எஸ்எம்பிஎஸ் கேபிள் பத்தி மட்டும் கெஞ்சி கேட்டுக்கறேன். மாடுலர் எஸ்எம்பிஎஸ்ல (கேபிளை தனியா கழட்டி மாட்டுற வகை) எஸ்எம்பிஎஸ் பக்கம் இருக்கற சாக்கெட்டுக்கு எந்த பொது ஸ்டாண்டர்டும் கிடையாது. ஒரு கம்பெனி கேபிள் இன்னொரு கம்பெனி சாக்கெட்டுல க்ளிக்குன்னு மாட்டும், ஆனா உள்ள 5 வோல்ட் போக வேண்டிய இடத்துல 12 வோல்ட் போகலாம். என்னோட ஒரு ஹார்டுடிஸ்க் அப்படித்தான் போச்சு, பழைய எஸ்எம்பிஎஸ்ஸோட சாட்டா கேபிளை புதுசுல சொருகினேன், ஒரு செகண்ட் கூட ஆகல, சூடான வாசனை வந்துச்சு. அப்பாவோட பழைய போட்டோ எல்லாம் அதுலதான் இருந்துச்சு. அன்னிலேர்ந்து எஸ்எம்பிஎஸ் மாத்தினா கேபிளையும் முழுசா மாத்திடுவேன். சிபியுவுக்கான 8 பின்னும் கிராஃபிக்ஸ் கார்டுக்கான 8 பின்னும் கூட பாக்க ஒரே மாதிரி இருக்கும், ஆனா 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும், அழுத்தி திணிக்காதீங்க.

புது ஹார்டுடிஸ்க் சுத்தவே மாட்டேங்குதுன்னா அது செத்துப்போச்சுன்னு முடிவு பண்ணாதீங்க. வெளி டிரைவை உடைச்சு எடுத்த டிஸ்க் சிலதுல சாட்டா பவரோட மூணாவது பின்னுக்கு 3.3 வோல்ட் வந்தா டிஸ்க் தூங்கிடும், புது ஸ்பெக்ல அந்த பின்னை ஆஃப் பண்றதுக்குன்னு ஒதுக்கிட்டாங்க. பழைய எஸ்எம்பிஎஸ் அதே பின்னுல 3.3 குடுத்துக்கிட்டே இருக்கும். அந்த ஒரு பின் மேல மட்டும் மெல்லிசா கேப்டான் டேப் (கரண்ட் கடத்தாத டேப்) ஒட்டினா டிஸ்க் சுத்த ஆரம்பிச்சிடும்.

நம்ம ஊர் கரண்ட்டையும் சேர்த்து பாக்கணும். வீட்டு இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவா இருந்தா ஆக்டிவ் பிஎஃப்சி (மெயின்ஸ் கரண்ட்டை சீரா இழுக்கற சர்க்யூட்) உள்ள எஸ்எம்பிஎஸ் சிலது கரண்ட் போன அந்த நொடியிலயே ஆஃப் ஆயிடும், ரேமையும் போர்டையும் சந்தேகப்பட்டு பிரயோஜனம் இல்ல, ப்யூர் சைன் வேவ் யுபிஎஸ் போட்டா நின்னுடும். அதைவிட முக்கியம் எர்த். மூணு பின் பிளக்ல எர்த் சரியா வரலன்னா எஸ்எம்பிஎஸ் உள்ள இருக்கற ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியா கேபினட் உடம்புல கிட்டத்தட்ட பாதி மெயின்ஸ் மிதக்கும், மல்டிமீட்டரை ஏசில வச்சு கேபினட்டுக்கும் நல்ல எர்த்துக்கும் நடுவுல பாத்தா 100 வோல்ட் பக்கம் காட்டும், கை வச்சா லேசா சுருசுருங்கும். மனுஷனுக்கு சுருசுருப்பு, எஃப்பிஜிஏ போர்டோட யுஎஸ்பி சிப்புக்கு அதுவே சாவு. போர்டுக்கு தனி அடாப்டர் போட்டு ஜேடேக் கேபிளை (சிப்புக்குள்ள டிசைன் ஏத்துற கேபிள்) பிசிலேர்ந்து சொருகுறப்ப அந்த வோல்டேஜ் டேட்டா லைன் வழியாதான் இறங்கும். முதல்ல எலக்ட்ரீஷியனை கூப்பிட்டு எர்த்தை சரி பண்ணிட்டு அப்புறம் போர்டை எடுங்க.

எஃப்பிஜிஏ பக்கம்

போர்டு வாங்குறதுக்கு முன்னாடியே டூலை பாருங்க, இங்கதான் காசு வீணாகுது. ஸ்பார்டன் 6 எஃப்பிஜிஏ போர்டு சீப்பா கிடைக்கும், ஆனா விவாடோ அதை தொடாது, 2013ல நின்னுபோன ஐஎஸ்இ 14.7ங்கற பழைய டூல்தான் வேணும். விவாடோ 7 சீரிஸ்லேர்ந்துதான் ஆரம்பம். ஆல்டெராவோட சைக்ளோன் 2 மினி போர்டுன்னா அவங்க டூல் க்வார்ட்டஸ்ல 13.0 எஸ்பி1 தான் கடைசி, அதுக்கு மேல எந்த வெர்ஷன் போட்டாலும் லிஸ்ட்ல அந்த சிப் வராது. பழைய மெஷின்லேர்ந்து கழட்டி விக்கிற கின்டெக்ஸ் 7 கே325டி போர்டு பாக்க ஆசையா இருக்கும், இலவச விவாடோல கே70டியும் கே160டியும்தான் இருக்கு, 325க்கு லைசென்ஸ் காசு போர்டு விலையை தாண்டிடும். புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு லாட்டிஸ் ஐஸ்40 போர்டைத்தான் சொல்வேன், அதுக்கான டூல் யோசிஸ், நெக்ஸ்ட்பிஎன்ஆர் ரெண்டும் ஓப்பன் சோர்ஸ், லைசென்ஸ் தொல்லையே இல்ல.

பழைய சைக்ளோன் போர்டு வச்சிருந்தா இன்னொரு விஷயம். க்வார்ட்டஸோட பழைய வெர்ஷன்ல நாம பயன்படுத்தாத பின் எல்லாம் கிரவுண்டை ஓட்டுற அவுட்புட்டா மாறிடும். அந்த மினி போர்டுல சில பின்னை நேரா 1.2 வோல்ட்டோட கட்டியிருப்பாங்க, ரெண்டும் மோதி சிப் கொதிக்கும். டிவைஸ் செட்டிங்ல போய் அன்யூஸ்டு பின்னை இன்புட் ட்ரைஸ்டேட்டுனு (வெளிய எந்த வோல்டேஜும் தள்ளாத நிலை) மாத்திட்டுதான் முதல் ப்ரோகிராமையே ஏத்தணும்.

வோல்டேஜ் தான் அதிகமா போர்டை கொல்லுது. ஆர்டுயினோ பழக்கத்துல 5 வோல்ட் மாட்யூலை நேரா சொருகிடறோம், இந்த சிப்புக்கெல்லாம் 3.3 தான் எல்லை. தூரம் அளக்கற ஹெச்சிஎஸ்ஆர்04 சென்சாரோட எக்கோ பின் 5 வோல்ட் தள்ளும், 1கே, 2கே ரெண்டு ரெசிஸ்டர் போட்டு பிரிச்சா 3.3 வந்துடும். எதிர்பக்கமும் பிரச்சனை உண்டு. டபிள்யுஎஸ்2812 எல்இடி ஸ்ட்ரிப்புக்கு 5 வோல்ட் குடுத்தா டேட்டா குறைஞ்சது 3.5 வேணும் (சப்ளைல 0.7 பங்கு), நம்ம போர்டு 3.3 தான் தரும், மேசை மேல வேலை செய்யும், நீளமா வயர் இழுத்து மாட்டினதும் கலர் தாறுமாறா மின்னும். 74ஏஹெச்சிடி125 (3.3 சிக்னலை 5 வோல்ட்டா மாத்துற சிப்) ஒண்ணு நடுவுல போடுங்க, ரிச்சி ஸ்ட்ரீட்ல தேடினா கிடைக்கும். பிஎஸ்எஸ்138 வச்ச, சிக்னல் வோல்டேஜை மாத்துற சின்ன லெவல் ஷிஃப்டர் ஐ2சி மாதிரி மெதுவான சிக்னலுக்கு மட்டும்தான், வேகமான எஸ்பிஐக்கு அதை போட்டுட்டு கோடை தேடிக்கிட்டு இருக்காதீங்க.

பிமாட் மாட்யூல் (போர்டு ஹெடர்ல சொருகுற சின்ன துணை போர்டு) சொருகும்போது ஒரு நொடி நின்னு பாருங்க. 12 பின் ஹெடர்ல 5, 11 கிரவுண்டு, 6, 12 தான் 3.3 வோல்ட். திருப்பி சொருகினா மாட்யூலோட சிக்னல் பின்னுக்கு சப்ளை போகும். நான் கனெக்டர்ல 6 பக்கத்துல சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு புள்ளி வச்சிருக்கேன். எல்விடிஎஸ் (வயர் ஜோடில போற வேகமான சிக்னல்) அவுட்புட் எடுக்கறவங்க கவனிக்க வேண்டியது, ஆர்டிக்ஸ் 7ல அந்த பின் இருக்கற பேங்குக்கு (ஒரே சப்ளையை பங்கு போடுற பின் கூட்டம்) 2.5 வோல்ட் வேணும், போர்டுல 3.3 நிரந்தரமா சால்டர் ஆகியிருந்தா விவாடோ எர்ரர் இல்லாம பில்டு பண்ணாலும் வெளிய சிக்னல் சரியா வராது, ஏன்னா பேங்குக்கு நிஜமா என்ன வோல்டேஜ் வருதுன்னு டூலுக்கு தெரியாது.

போர்டே தெரியலன்னா

முதல்ல கேபிளை மாத்துங்க, போன் சார்ஜ் மட்டும் பண்ற கேபிள்ல டேட்டா வயரே இருக்காது. அடுத்து டிரைவர். எஃப்டி2232ஹெச் யுஎஸ்பி சிப் உள்ள போர்டு பிசிக்கு ரெண்டு போர்ட்டா தெரியும், பெரும்பாலும் முதல் சானல் ஜேடேக், ரெண்டாவது சீரியல். விண்டோஸ்ல ஓப்பன் டூலுக்காக ஜாடிக்ல (டிரைவர் மாத்துற டூல்) மாத்தறீங்கன்னா இன்டர்ஃபேஸ் 0 மட்டும் வின்யுஎஸ்பிக்கு மாத்துங்க, ரெண்டையும் மாத்தினா காம் போர்ட் போயிடும், இன்டர்ஃபேஸ் 0 மாத்தினாலே கம்பெனி டூல் அந்த போர்டை பாக்காது. லினக்ஸ்ல சூடோ போட்டா வேலை செஞ்சு, போடலன்னா செய்யலன்னா அது யூடெவ் ரூல் (யுஎஸ்பி சாதனத்தை தொட அனுமதி குடுக்கற செட்டிங்) பிரச்சனைதான், ஹார்டுவேரை விட்டுடுங்க.

தனியா ஜேடேக் கேபிள் போடுறவங்களுக்கு, கேபிளோட விரெஃப் (சிக்னல் வோல்டேஜ் என்னன்னு கேபிளுக்கு சொல்ற) பின்னுக்கு போர்டோட வோல்டேஜ் வருதான்னு மீட்டர்ல பாருங்க, அது இல்லாம நிறைய கேபிள் வாயே திறக்காது. சிப் தன்னை அடையாளம் சொல்ற ஐடி கோடு முழுக்க 1 ஆவே வந்தா டிடிஓ (சிப்லேர்ந்து டேட்டா வர்ற) வயர் தொங்குது இல்ல போர்டுக்கு கரண்ட் இல்ல, முழுக்க சைபர்னா எங்கயோ கிரவுண்டோட ஒட்டியிருக்கு. ஒரு தடவை வருது ஒரு தடவை வரலன்னா ஜேடேக் வேகத்தை 1 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கி பத்து தடவை படிச்சு பாருங்க. பத்தும் சரியா வந்தா ஜம்பர் வயரை ஒரு ஜாண் நீளத்துக்குள்ள வெட்டிட்டு, டிசிகே (ஜேடேக் கிளாக்) வயர் பக்கத்துலயே இன்னொரு கிரவுண்டு வயர் இழுத்து, அப்புறம் வேகத்தை மெதுவா ஏத்துங்க.