“தண்ணீர்தானே குடிக்கிறான்” என்று விட்டுவிடாதீர்கள்: ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் ஓயாத தாகமும் நாம் செய்யும் தவறுகளும்

இரவு இரண்டு மணிக்குப் பாத்ரூமில் சத்தம் கேட்டு எழுந்தேன். என் மகனுக்கு அப்போது ஆறு வயது. பக்கெட் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குளிக்கிற மக்கில் தண்ணீரை மொண்டு மொண்டு குடித்துக்கொண்டிருந்தான். படுக்கப் போகும்போதுதான் இரண்டு டம்ளர் குடித்திருந்தான். மக்கைப் பிடுங்கினேன். அழவில்லை, கத்தவில்லை. குனிந்து பக்கெட்டிலேயே வாயை வைத்துவிட்டான்.

அதற்கு முன் மூன்று மாதமாகவே தண்ணீர் பாட்டிலும் கையுமாகத்தான் இருந்தான். யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான்: “ஆட்டிசப் பிள்ளைங்க அப்படித்தான், ஏதாவது ஒண்ணைப் பிடிச்சுக்குவாங்க.” வீட்டுப் பெரியவர்களோ, “தண்ணிதானே, நல்லதுதானே, குடிக்கட்டும்” என்றார்கள். நானும் அதை நம்பினேன். அந்த மூன்று மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் அளவுக்கு மீறித் தண்ணீர் குடிப்பது அபூர்வமான விஷயம் இல்லை. ஜப்பானில் சிறப்புப் பள்ளி மாணவர்களிடையே நடந்து 1999-இல் வெளியான ஓர் ஆய்வு, அறிவுவளர்ச்சிக் குறைபாடு மட்டும் உள்ள பிள்ளைகளைவிட ஆட்டிசம் உள்ளவர்களிடம் இந்தப் பழக்கம் அதிகம் என்று காட்டியது. ஆனால் முதல் தவறு இந்த உண்மையிலிருந்துதான் பிறக்கிறது.

“ஆட்டிசத்தால்தான்” என்று நாமே முடிவுகட்டுவது

தாகம் பல நோய்களின் முதல் குரல். பிள்ளைக்கு ஆட்டிசம் என்ற பெயர் ஏற்கெனவே இருப்பதால், புதிதாக எது வந்தாலும் அதன் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். பெற்றோர் மட்டுமல்ல, சில நேரம் மருத்துவர்களும் இப்படிச் செய்வதுண்டு.

முதலில் பார்க்க வேண்டியது சர்க்கரை. குழந்தைகளுக்கு வரும் முதல் வகைச் சர்க்கரை நோய் சில வாரங்களுக்குள் முற்றிவிடும். அதிகத் தாகம், அடிக்கடி சிறுநீர், உடல் மெலிவு, சோர்வு ஆகியவை அதன் அடையாளங்கள். படுக்கையை நனைப்பதை நிறுத்தியிருந்த பிள்ளை மறுபடி நனைக்க ஆரம்பிப்பதும் இதில் சேர்த்தி. சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்தால் நம் பாட்டிமார்களே சந்தேகப்படுவார்கள், அந்தக் கண் நமக்கும் வேண்டும். கவனிக்காமல் விட்டால் வாந்தி, வயிற்றுவலி, வேகமான ஆழ்ந்த மூச்சு, வாயில் பழ வாசனை என்று உயிருக்கே ஆபத்தான நிலைக்குப் போய்விடும். பேசாத பிள்ளை வயிறு வலிக்கிறது என்று சொல்லாது. அடம் பிடிக்கும், கையைக் கடிக்கும், தலையை முட்டிக்கொள்ளும். அதையும் “நடத்தைப் பிரச்சினை” என்று எழுதிவிடுவோம்.

விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், ஒரு நிமிஷம், அவ்வளவுதான் பரிசோதனை. தாகமும் இருந்து, எந்த நேரத்தில் பார்த்த சர்க்கரையும் 200 மில்லிகிராமைத் தொட்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே கிடையாது. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இரண்டாவது, பெயரால் குழப்பும் ஒரு நோய். ‘டயாபட்டீஸ் இன்சிபிடஸ்’ என்பார்கள். சர்க்கரைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சிறுநீரைச் சுண்ட வைக்கும் ஹார்மோன் மூளையில் குறைவாகச் சுரந்தாலோ, சிறுநீரகம் அதற்குக் கட்டுப்படாமல் போனாலோ தண்ணீர் போலவே சிறுநீர் கொட்டும், அதை ஈடுகட்டப் பிள்ளை குடித்துக்கொண்டே இருக்கும். அந்த ஹார்மோனின் பெயர் வேசோப்ரெஸின். பெயர் குழப்புகிறது என்பதால் 2022-இல் இந்த நோயின் பெயரை ‘வேசோப்ரெஸின் குறைபாடு’, ‘வேசோப்ரெஸின் எதிர்ப்பு’ என்று மாற்றிவிட்டார்கள். பழைய பெயரும் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. இவை தவிர சிறுநீரகக் கோளாறு, ரத்தத்தில் கால்சியம் கூடுவது, பொட்டாசியம் குறைவது ஆகியவற்றாலும் தாகம் வரும்.

எனவே மருத்துவரிடம் போகும்போது ரத்தச் சர்க்கரை, சோடியம், பொட்டாசியம், கால்சியம், சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியேட்டினின், முழுச் சிறுநீர்ப் பரிசோதனை ஆகியவற்றைப் பற்றிக் கேளுங்கள். ஊசியைக் கண்டாலே மிரளும் பிள்ளை என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே தடவையில் ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். காலையில் எழுந்ததும் போகிற முதல் சிறுநீர் முக்கியமானது. அது நன்றாக அடர்ந்திருந்தால் ஹார்மோனும் சிறுநீரகமும் வேலை செய்கின்றன என்று மருத்துவர் பெரும்பாலும் கணித்துவிடுவார்.

அளக்காமல் பேசுவது

“நிறையக் குடிக்கிறான்” என்று மருத்துவரிடம் சொன்னேன். “எவ்வளவு?” என்றார். எனக்குத் தெரியவில்லை. “மூணு நாள் அளந்துட்டு வாங்கம்மா” என்று அனுப்பினார். அந்த மூன்று நாளில்தான் எனக்குக் கண் திறந்தது.

ஒரு லிட்டர் பாட்டில்களைக் காலையில் நிரப்பி வரிசையாக வைத்தேன். அவன் குடிப்பதெல்லாம் அதிலிருந்துதான். பால், மோர், ஜூஸ் எல்லாவற்றையும் காலண்டரின் பின்பக்கத்தில் குறித்தேன். குழாயில் வாய் வைத்துக் குடித்ததை அளக்க முடியாது. அதற்கு ஒரு புள்ளி மட்டும் வைத்தேன். முதல் நாள் கணக்கு, புள்ளிகளைத் தவிர்த்தே, மூன்றரை லிட்டரைத் தாண்டியது. அவன் எடையோ 20 கிலோ.

20 கிலோ பிள்ளைக்கு ஒரு நாளைக்கு வேண்டிய திரவம், பால், மோர், ரசம் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ ஒன்றரை லிட்டர். முதல் 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 100 மில்லி, அடுத்த 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 50 மில்லி, அதற்கு மேல் கிலோவுக்கு 20 மில்லி என்பது குழந்தை மருத்துவர்கள் போடும் கணக்கு. வெயில் காலத்திலும் ஓடியாடும் நாளிலும் கொஞ்சம் கூடத்தான் செய்யும். கூடுதலாக ஒரு டம்ளர் போனதற்குப் பதற வேண்டாம். ஆனால் இதன் இரண்டு மடங்கு தினமும் போகிறது என்றால் அது வெயில் இல்லை.

முடிந்தால் எடையையும் பாருங்கள். காலையில் சிறுநீர் போனபின் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, ஒரே மெஷினில். காலையில் 20 கிலோ காட்டிய பிள்ளை மாலையில் 21 காட்டினால் உடம்பில் தண்ணீர் தேங்குகிறது என்று பொருள். உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இரவில் எழுந்து குடித்தால் நோய், பகலில் மட்டும் குடித்தால் பழக்கம் என்று ஒரு பொது விதி உண்டு. நம் பிள்ளைகளிடம் அது தடுமாறும். பாதிப் பேருக்குத் தூக்கமே சரியில்லை, விழித்திருக்கிற பிள்ளை குடிக்கத்தான் செய்யும். இரவில் குடிக்கிறதா என்பதோடு, குடிக்கவே எழுந்ததா, எழுந்ததால் குடித்ததா என்றும் கவனித்துச் சொல்லுங்கள்.

பயத்தில் தண்ணீரை நிறுத்துவது

இது எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு. காரணம் தெரிவதற்கு முன் தண்ணீரைப் பூட்டிவைக்கக் கூடாது. மேலே சொன்ன ஹார்மோன் குறைபாடு உள்ள பிள்ளைக்குத் தண்ணீரை நிறுத்தினாலும் சிறுநீர் நிற்காது. சில மணி நேரத்திலேயே உடல் வற்றி, ரத்தத்தில் சோடியம் ஏறிவிடும். சர்க்கரை நோயிலும் அதே கதைதான். “ராத்திரி பூரா தண்ணி குடுக்காம பாருங்க” என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். தண்ணீர் தராமல் பார்க்கும் ஒரு பரிசோதனை நிஜமாகவே இருக்கிறது. ஆனால் அதை மருத்துவமனையில் படுக்கவைத்து, மணிக்கணக்கில் எடையும் ரத்தமும் பார்த்துத்தான் செய்வார்கள்.

பூட்டுவதால் இன்னொரு விளைவும் உண்டு. பிள்ளை வேறு தண்ணீரைத் தேடும். பாத்ரூம் பக்கெட், ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர், செடிக்கு வைத்தது, டாய்லெட் என்று எதையும் விட்டுவைக்காது.

“எல்லாம் நார்மல்” என்றதும் மறந்துவிடுவது

என் மகனுக்குச் சர்க்கரை இல்லை. சிறுநீரகமும் சரி. அப்பாடா என்று எழுந்தேன். மருத்துவர் உட்காரச் சொன்னார். சோடியம் 132 இருந்தது. இருக்க வேண்டியது 135 முதல் 145 வரை. குடிக்கிற வேகத்துக்குச் சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியவில்லை, ரத்தம் நீர்த்துப்போகிறது என்றார்.

தண்ணீரும் நஞ்சாகும் என்பதை நான் அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன். சோடியம் இறங்கினால் மூளையின் செல்கள் தண்ணீரை இழுத்து வீங்கும். தலைவலி, குமட்டல், வாந்தி, மந்தம், குழப்பம், கடைசியில் வலிப்பு. 125-க்குக் கீழே, அதுவும் வேகமாக இறங்கினால், வலிப்பு வரும் ஆபத்து அதிகம். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வலிப்பு நோயும் சேர்ந்து வருவது சகஜம் என்பதால், தண்ணீரால் வந்த வலிப்பையும் அந்தக் கணக்கில் எழுதிவிடும் அபாயம் இருக்கிறது. இதற்குத் தண்ணீரில் உப்பைக் கரைத்துக் கொடுக்கவும் கூடாது. சோடியத்தை எவ்வளவு, எந்த வேகத்தில் ஏற்றுவது என்பது மருத்துவமனையில் முடிவாக வேண்டியது.

மருந்துச் சீட்டைக் காட்டாமல் விடுவது

தாகத்துக்குக் காட்டும் மருத்துவரும், ஆட்டிசத்துக்குக் காட்டும் மருத்துவரும் வேறு வேறாக இருப்பார்கள். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. எரிச்சலுக்கும் முரட்டுத்தனத்துக்கும் கொடுக்கும் ரிஸ்பெரிடோன் எடையையும் சர்க்கரையையும் ஏற்றக்கூடும். குளோனிடின் வாயை உலர்த்தும். வலிப்புக்குத் தரும் கார்பமாசெபின், ஆக்ஸ்கார்பசெபின் இரண்டும் சோடியத்தை இறக்கக்கூடியவை. படுக்கையை நனைப்பதற்குத் தரும் டெஸ்மோபிரெஸின் தண்ணீரை உடம்பிலேயே நிறுத்திவைக்கும். அதைச் சாப்பிட்டுவிட்டு இரவு முழுக்கத் தண்ணீர் குடிக்கும் பிள்ளை பெரிய ஆபத்தில் இருக்கிறது. எல்லாச் சீட்டுகளையும் ஒரே கவரில் போட்டு எடுத்துப் போங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

காரணத்தை விட்டுவிட்டுப் பாட்டிலோடு சண்டை போடுவது

நோய் இல்லை என்று உறுதியான பிறகுதான் இந்தப் பேச்சு. ஏன் குடிக்கிறது என்று கேளுங்கள். குடிப்பதற்கு முன்னால் என்ன நடந்தது, குடித்த பின் என்ன கிடைத்தது என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். எங்கள் நோட்டில் தெரிந்தவற்றைச் சொல்கிறேன்.

அவன் சாப்பிடுவதே சிப்ஸும் அப்பளமும்தான். உப்பு உள்ளே போனால் தாகம் வரத்தானே செய்யும். இது எனக்குத் தோன்றவே இல்லை. அப்புறம், எழுதச் சொன்னால் உடனே தண்ணீர் கேட்டான். தண்ணீர் என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. மூன்றாவது நாங்களே செய்தது. பஸ்ஸில் அவன் சத்தம் போடும்போதெல்லாம் வாயில் பாட்டிலைக் கொடுத்து அமைதிப்படுத்தியிருக்கிறோம். தெரபியிலும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மிடறு ஜூஸ் பரிசு.

எல்லாவற்றையும்விட எனக்கு வியப்பாக இருந்தது அந்த நீல பாட்டில். அதன் மூடியை உறிஞ்சும்போது பல்லில் படுகிற அழுத்தம்தான் அவனுக்கு வேண்டியிருந்தது. அதே தண்ணீரை எவர்சில்வர் டம்ளரில் வைத்தால் இரண்டு வாய் குடித்துவிட்டுப் போய்விடுவான். தாகம் டம்ளரைப் பார்க்காது என்று நினைத்தேன். ஆனால் நிஜமாகவே தாகமுள்ள ஆட்டிசப் பிள்ளையும் தனக்குப் பழகிய பாட்டில் இல்லாவிட்டால் குடிக்காமல் இருக்கலாம் என்று, அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் எச்சரித்தார். அதனால்தான் இந்தச் சோதனை எப்போதும் ரத்தப் பரிசோதனைக்குப் பின்னால் வர வேண்டும்.

வாய்க்கு வேலை வேண்டும் என்றால் அதை வேறு வழியில் கொடுக்கலாம். கடித்து மெல்லும் சிலிக்கோன் குழாய், வெள்ளரிக்காய், கேரட், வறுத்த பொரி. கடிக்கத் தெரியாத பிள்ளைக்குத் தொண்டையில் சிக்கும் எதையும் தராதீர்கள். நெஞ்செரிச்சல், பல்வலி, தொண்டைப்புண், மூக்கடைத்து வாயால் மூச்சு விடுவது இவற்றுக்காகவும் பிள்ளை குளிர்ந்த தண்ணீரைத் தேடும். வாயைத் திறந்து காட்ட மறுக்கும் பிள்ளைக்குப் பல் மருத்துவரை மறந்துவிடுகிறோம்.

குடிக்கும் நேரத்தைப் படமாக ஒட்டினோம். டம்ளர் படம், அடுத்து ஊஞ்சல் படம், மறுபடி டம்ளர். மருத்துவர் சொன்ன மொத்த அளவை 100 மில்லி டம்ளர்களாகப் பிரித்தோம். ‘இல்லை’ என்று சொல்வதைவிட ‘ஊஞ்சலுக்கு அப்புறம்’ என்று படத்தைக் காட்டுவது அவனுக்குப் புரிந்தது. மூன்றரை லிட்டர் இரண்டு லிட்டருக்கு வர நான்கு மாதம் ஆனது. நடுவில் காய்ச்சல் வந்த வாரத்தில் பழையபடி ஏறியது, மறுபடி இறங்கியது.

பள்ளிக்குச் சொல்லாமல் இருப்பதும் தவறுதான். வீட்டில் அளந்து கொடுத்துவிட்டு வகுப்பறைக் குழாயை மறந்தால் கணக்கு நிற்காது. டீச்சர், ஆயாம்மா, வேன் அண்ணன் எல்லோருக்கும் நான் ஒரு துண்டுத் தாள் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

என் பையில் இன்னொரு தாளும் உண்டு. ஒருவேளை அவன் திடீரென்று வாந்தி எடுத்தாலோ, தூங்கி வழிந்தாலோ, வலிப்பு வந்தாலோ 108-ஐக் கூப்பிட்டு, ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் ஊற்றாமல் கொண்டுபோக வேண்டும். அவசரப் பிரிவில் குளுக்கோஸ் ட்ரிப் ஏற்றும் முன் அவர்கள் கண்ணில் பட வேண்டியதைத்தான் அந்தத் தாளின் முதல் வரியில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: “இவன் அளவுக்கு மீறித் தண்ணீர் குடிக்கும் பிள்ளை. முதலில் சர்க்கரையும் சோடியமும் பாருங்கள்.”