எத்தனை ஏக்கர் நடுவது? உரிமம் பெற்ற கஞ்சாப் பண்ணைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டபூர்வமானது. உரிமம் பெற்றவர்களில் சிலர் விளக்கு அறைகளை விட்டுவிட்டுத் திறந்தவெளிக்குப் போனதற்குக் காரணம் எளிது: வெயிலுக்கு மின்கட்டணம் இல்லை. இந்தக் கணக்கு சரிதான், ஆனால் அறுவடை நாள் வரைக்கும்தான்.

பெரிய தவறு, கையில் நிலம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவும் நடுவது. கஞ்சாவின் பெரும்பாலான ரகங்கள் பகல் குறையும்போதுதான் பூக்கும். அதனால் வடக்கு நாடுகளில் ஆண்டுக்கு ஒரே அறுவடை. செப்டம்பர் கடைசி, அக்டோபரில் வயல் மொத்தமும் சேர்ந்தாற்போல் முற்றிவிடும். மழையும் குளிர்ந்த இரவும் வருவது அப்போதுதான். பச்சைப் பூவில் முக்கால் பங்குக்கு மேல் நீர். ஒரு டன் உலர்பூ வேண்டுமென்றால் நான்கு டன்னுக்கு மேல் பச்சைப் பூவை வெட்டித் தொங்கவிட வேண்டும். கொட்டகையில் இடமில்லாமல் குவித்து வைத்தால் சாம்பல் பூஞ்சணம் பிடிக்கும். வெளியே பச்சையாகத் தெரியும் பூவைப் பிளந்து பாருங்கள், நடுத்தண்டு பழுப்பாகி நொறுங்கும். அப்புறம் அந்தச் சரக்கு ஆய்வகச் சோதனையைத் தாண்டுவது கஷ்டம்.

ஆகவே கணக்கைக் கொட்டகையிலிருந்து தொடங்குங்கள்: ஒரு நாளில் எத்தனை கிலோ காயவைக்க முடியும், அறுவடைக்கு எத்தனை நாள் கிடைக்கும். இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் நடவின் உச்சவரம்பு. பகல் நீளத்தைப் பார்க்காமல் வயதுக்கு ஏற்பப் பூக்கும் ரகங்களைக் கொஞ்சம் கலந்தால் நெரிசல் குறையும். விளைச்சலும் சற்றுக் குறையும்.

அடுத்த தவறு, போன வருட விலையை நம்புவது. அமெரிக்காவின் ஓரிகனில் 2019 தொடக்கத்தில், தேங்கிய கையிருப்பு ஆறரை ஆண்டுத் தேவைக்குப் போதும் என்று மாநில ஒழுங்குமுறை ஆணையமே கணக்கிட்டது. மத்தியச் சட்டம் தடுப்பதால் பக்கத்து மாநிலத்துக்குக்கூட அனுப்ப முடியாது. மிஞ்சினால் மிஞ்சியதுதான். கனடாவில் இன்னொரு சிக்கல்: உலர்பூவுக்குக் கலால் வரி பொதுவாகக் கிராமுக்கு ஒரு டாலர் அல்லது விலையில் 10 சதவீதம், எது அதிகமோ அது. விலை சரிந்தாலும் அந்த ஒரு டாலர் சரியாது. போதாக்குறைக்கு, திறந்தவெளிச் சரக்கில் பெரும்பங்கு எண்ணெய்ச் சாறு எடுக்கத்தான் போகிறது. பூவாக விற்கும் விலையை வைத்துத் திட்டம் போடுவது வெறும் ஆசை.

ஹெம்ப் (போதை மிகக் குறைந்த கஞ்சா வகை) நடுபவர்கள் ஆள்பலத்தை மறந்துவிடுகிறார்கள். அமெரிக்க விதிப்படி டிஎச்சி, அதாவது போதை தரும் வேதிப்பொருள், 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சோதனைக்கு மாதிரி எடுத்த 30 நாளுக்குள் அந்த வயலை வெட்டி முடிக்க வேண்டும். பூ முற்ற முற்ற, போதை தராத வேதிப்பொருளான சிபிடியோடு டிஎச்சியும் ஏறும். கொஞ்சம் காத்திருக்கலாமே என்று இருந்தவர்கள், எல்லை தாண்டிய பயிரை அழிக்கவோ விதிப்படி மாற்றிச் சீர்செய்யவோ வேண்டியிருக்கும். சிறிய குழுவை வைத்துக்கொண்டு பெரிய வயலை ஒரே தேதியில் மாதிரி எடுக்கக் கொடுப்பது இதில் இன்னும் மோசம். பாகம் பாகமாகப் பிரித்துக் கொடுங்கள்.

மகரந்தம் காற்றில் வெகுதூரம் போகும் என்பதால், பக்கத்தில் யாராவது விதைக்காக ஹெம்ப் நடுகிறார்களா என்று நடவுக்கு முன்பே விசாரியுங்கள். விதை பிடித்த பூவின் மதிப்பு குறையும்.

வாங்குபவரிடம் வாய்மொழி உறுதி போதாது. ஈரப்பதம் எத்தனை சதவீதம், எந்த ஆய்வகத்தின் முடிவு செல்லும், சரக்கைத் திருப்பினால் ஏற்றுக்கூலி யார் தலையில் என்பதெல்லாம் நாற்று வாங்குவதற்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும்.