நுரையீரல் திசுவில் ஆஸ்பெஸ்டாஸ் எண்ணுவது: பூஜ்யம் வந்தால் என்ன பொருள்?

இங்கே எண்ணப்போவது ஆஸ்பெஸ்டாஸ் பாடிகளை, அதாவது உடலே இரும்பும் புரதமும் பூசி மூடிய இழைகளை. இதற்கு ஒளி நுண்ணோக்கி போதும். உறையில்லாத இழைகளுக்கு எலக்ட்ரான் நுண்ணோக்கிதான் வேண்டும்.

புற்றுக்கட்டியை விட்டு விலகி, மேல் மடலிலும் கீழ் மடலிலுமாகத் துண்டுகள் எடுங்கள். ஒவ்வொன்றும் 0.3 கிராம் ஈர எடை. ஒட்டியிருக்கும் இன்னொரு துண்டையும் எடை போட்டு, 60 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்துங்கள். ஈரமும் உலர்வும் ஏறத்தாழ 10:1 இருக்கும் என்று புத்தக விகிதத்தை நம்பி விட்டுவிடாதீர்கள். நீர் கோத்த நுரையீரலில் அது எங்கோ போய்விடும்.

திசுவைக் கெடாமல் வைத்திருந்த ஃபார்மலின் போக நன்றாகக் கழுவி, பொடியாக நறுக்கி, 5% சோடியம் ஹைப்போகுளோரைட்டில் (ப்ளீச்) கரையும் வரை வையுங்கள். ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகக் கூண்டுக்குள் (fume hood) செய்யுங்கள். அமிலம் அருகிலேயே வேண்டாம், குளோரின் கிளம்பும். ப்ளீச், தண்ணீர் எல்லாம் முன்கூட்டியே 0.2 மைக்ரான் வடிதாளில் வடித்தவையாக இருக்கட்டும். திசு இல்லாத வெற்று மாதிரி ஒன்றையும் கூடவே ஓட்டுங்கள். உலையில் எரித்துச் சாம்பலாக்கும் குறுக்குவழி வேண்டாம். சூட்டில் இழைகள் நொறுங்கி எண்ணிக்கை பொய்யாக ஏறும்.

கரைந்ததை வடிகட்ட வேண்டும். அதற்கான வடிதாளில் என் தேர்வு செல்லுலோஸ் எஸ்டர்: அசிட்டோன் ஆவியும் ட்ரையசெட்டினும் பட்டால் கண்ணாடிபோல் தெளிந்துவிடும். பிறகு எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கும் போகவேண்டும் என்றால் தொடக்கத்திலேயே 0.4 மைக்ரான் பாலிகார்பனேட் எடுங்கள்.

400 மடங்கில் எண்ணுங்கள். பாடியின் உள்ளே மெல்லிய, நிறமற்ற, நேரான இழை தெரிந்தால் மட்டுமே கணக்கு. நடுவில் கறுப்பு என்றால் கரித்துகள். அகன்ற மஞ்சள் தகடு என்றால் வேறு சிலிக்கேட்.

இனி கணக்கு. பலர் தடுக்கி விழுவது இங்கேதான். கரைசலில் பாதியை வடித்தீர்கள், வடிபரப்பு 200 ச.மி.மீ., பார்த்தது 20 ச.மி.மீ., கண்டது 6, அந்தத் துண்டின் உலர் எடை 0.03 கிராம். 6 × 10 × 2 ÷ 0.03 = கிராமுக்கு 4,000. ஆஸ்பெஸ்டாஸ் நோய்களுக்காக வல்லுநர்கள் வகுத்த 1997 ஹெல்சிங்கி வரையறைப்படி உலர் கிராமுக்கு 1,000 பாடிகளைத் தாண்டினாலே, வேலையிடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் தூசுக்கு ஆளானதற்கு வலுவான சான்று.

சரி, ஒன்றுமே காணவில்லை என்றால்? பூஜ்யம் எண்ணினாலும் 95% உறுதியோடு உண்மை 3 வரை இருக்கலாம். அதே பரப்புக்கு அது கிராமுக்கு 2,000 வரை! வரையறைக்கு இரு மடங்கு. ஆகவே அந்தப் பூஜ்யத்தை வைத்து "ஆஸ்பெஸ்டாஸுக்கு ஆளாகவில்லை" என்று எழுதவே கூடாது. வடிதாள் முழுவதையும் பாருங்கள். அப்போது அதே பூஜ்யம் 200க்குக் கீழ் என்று ஆகும். அறிக்கையில் "0" என்று எழுதாமல் "<200" என்றே எழுதுங்கள். நோயாளியின் இழப்பீடு இந்த ஒரு குறியில் தொங்கலாம்.

பிற்சேர்க்கை: திசுவைப் பதித்து வைத்த பாரஃபின் மெழுகுக் கட்டி மட்டுமே கிடைத்தால், சைலீனில் மெழுகை நீக்கும்போது திசுவின் கொழுப்பும் போய்விடும். எடை குறைவதால் விடை கூடித் தெரியும். பாரஃபின் மாதிரி என்பதை அறிக்கையில் குறிப்பிடுங்கள்.

ஆஸ்பெஸ்டாஸின் ஒரு வகையான கிரைசோடைலின் இழைகள் நுரையீரலில் நீளவாக்கில் பிளந்து, கரைந்து, வெளியேறிவிடும். உறையும் அரிதாகவே பூசப்படும். ஆகவே எண்ணிக்கை குறைவு என்பது கிரைசோடைலுக்கு ஆளானதை மறுக்காது. அங்கே வேலை வரலாற்றுக்கே முதலிடம் கொடுங்கள்.